நான் வரைந்து கொடுத்த ரஷ்ய ஊர்

ஸ்காபரோவில் யன்னலோ கதவோ மாற்ற வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என் பெயர் எழுதிய ஏழு வான் ரோட்டில் ஓடுகிறது. பட்டம் பெற்ற இரண்டு பேர் என்னிடம் வேலைக்கு நிற்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே, எந்த யன்னலால் குளிர் உள்ளே போகிறது என்று சொல்லிவிடுவேன். இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

படிப்பு ஏறாவிட்டாலும் ஒரு பாடத்தில் என்னை வெல்ல இந்த நகரத்தில் ஆளில்லை. அது ரஷ்யாவில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் சரித்திரமும் பூமிசாத்திரமும். கலியாண வீட்டில் யாராவது தன் பிள்ளையின் படிப்பைப் பற்றி அளக்கத் தொடங்கினால் நான் இந்தக் கதையை எடுப்பேன். பன்னிரண்டு வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்கு ரஷ்யப் பூமிசாத்திரம் படிப்பித்து, அதனாலேயே எங்கள் அகதி வழக்கை வென்றவன் நான் என்பேன். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் சொல்லி வந்தேன், போன மாதம் வரைக்கும்.

அப்பாவை ஷெல் கொண்டுபோன பிறகு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளிக்கிட்டார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதற்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டார். எங்களைக் கொண்டுவருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் இறக்கி, ரயிலில் ஏற்றி, அந்தச் சின்ன ஊரில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் ஓர் அறைக்குள் விட்டுவிட்டுப் போனான். இரண்டு கிழமை என்றான். எட்டு மாதம் ஆனது. பிறகு ஒரு நாள் திடீரென்று வந்து, வெளிக்கிடுங்கோ என்றான். ரொறொன்ரோவில் வந்து இறங்கினோம்.

மாமா அப்போது பார்க்டேலில் ஒன்பதாம் மாடியில், ஒரே அறை வீட்டில் இருந்தார். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுவார். வீட்டுக்கு வந்தால் எங்கள் வழக்குக்கு நியாயாதிபதி. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் கேஸ் எழுதுவது என்று ஒரு கலை இருந்தது. உண்மையாக நடந்த பயங்கரமே தாராளமாகப் போதும். ஆனாலும் அதற்கு மேலே கொஞ்சம் பொய்யையும் பூசினால்தான் வழக்கு பிடித்து நிற்கும் என்று நம்பினார்கள். எங்கள் கேசில் மாமா பூசிய பொய், ரஷ்யாவையே அழித்துவிட்டது. வேறொரு நாட்டில் எட்டு மாதம் இருந்தவர்கள் அங்கேயே ஏன் தஞ்சம் கேட்கவில்லை என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று யாரோ அவரைப் பயப்படுத்தியிருந்தார்கள். அதனால் அந்த எட்டு மாதமும் நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்ததாகப் படிவத்தில் எழுதியாகிவிட்டது. எங்கள் வக்கீலுக்குக்கூட உண்மை தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி இருப்பார். நான் எதிரே கை கட்டி நிற்க வேண்டும்.

"எட்டு மாசமும் எங்கை இருந்தனீ?"

"வெள்ளவத்தையிலை, லொட்ஜிலை."

"யன்னலாலை பாத்தா என்ன தெரியும்?"

"கடல். ரயில் பாதை."

"வேறை?"

"கடல். ரயில் பாதை."

"காணும். அதுக்கு மேலை ஒரு சொல்லுச் சொல்லப்படாது. ரஷ்யா எண்டு உன்ரை வாயிலை வந்துதோ, உன்னையும் கொம்மாவையும் அடுத்த பிளேனிலை ஏத்திப் போடுவாங்கள். விளங்குதோ?"

விளங்கியது. திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் என் வாய் வேறு சாதி. அது அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. அந்த ஊரோ என் தலைக்குள் முழுதாக, ஓர் ஓடு பெயராமல் இருந்தது.

அறையில் ஒரே ஒரு யன்னல். அதன் படியில் ஏறி இருந்தால் ஊர் முழுக்கக் காலடியில். ஆறு ஊரை அரிவாள் போல வளைத்து ஓடும். அந்தக் கரையில் மேடு, மேட்டில் வெள்ளை மதில், மதிலுக்குள்ளே ஐந்து நீலக் குமிழ்க் கோபுரங்களோடு ஒரு துறவிகள் மடம். ஐந்தில் ஒன்று மட்டும் நிறம் கழன்று தகரம் தெரியும். இந்தக் கரையில் சந்தை, வளைவு வளைவாகத் தூண் வைத்த நீளக் கட்டடம். அதற்குப் பின்னால் மரவீடுகள். ஒவ்வொரு யன்னலைச் சுற்றியும் மரத்தில் பூவும் கொடியும் வெட்டியிருக்கும். எங்கேயாவது நெருப்புப் பிடித்தால் பார்த்துச் சொல்ல ஒரு கோபுரம். ஆற்றில் மிதவைகள் மேலே பலகை போட்ட பாலம் ஒன்று. குளிர் தொடங்க அதை இழுத்துக் கரையில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஆறே பாலம். ஆட்கள் அதன் மேலே நடப்பார்கள், லொறிகூடப் போகும். பங்குனி கழிந்து ஐஸ் வெடிக்கும்போது ஷெல் விழுந்தது என்று நினைத்து நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். அதற்குப் பின் இரண்டு கிழமை அந்தக் கரை ஒரு நாடு, இந்தக் கரை வேறு நாடு.

சரித்திரம் படிப்பித்தது வீட்டுக்காரப் பெண். பருத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. கிழமைக்கு இரண்டு தரம் கறுப்புப் பாணும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் கொண்டுவருவார். அவருடைய பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. நான் யன்னலே கதி என்று கிடப்பதைப் பார்த்து, ஊரின் படங்கள் போட்ட தபாலட்டைக் கட்டு ஒன்றைத் தந்தார். அட்டையில் மடத்தைத் தொட்டுக் காட்டி, குதிரை போலத் துள்ளுவார். பிறகு நெருப்புக்குச்சி ஒன்றை உரசி ஊதி அணைப்பார். அதை மூன்று தரம் செய்தார். குதிரைக்காரர்கள் வந்து ஊரை மூன்று தரம் எரித்தார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சட்டி மூடியைத் தலையில் வைத்துத் துடுப்பு வலித்தார். ஒரு மகாராணி படகில் வந்து போயிருக்கிறாள். கைகளால் பெரிய மணியை வரைந்து, அது மேலிருந்து கீழே விழுவதைக் காட்டி, காதைப் பொத்தினார். கடைசியில் இரண்டு விரலை மேசையில் நடக்கவிட்டு, மேசை விளிம்பால் இறக்கி, தன் நெஞ்சைத் தொட்டார். அவருடைய அப்பா சண்டைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அது எனக்கு உடனே விளங்கியது.

பொழுதுபட அம்மா கேட்பார், "இண்டைக்கு ஊரிலை என்ன புதினம்?"

நான் வானொலி போலத் தொடங்குவேன். சிவப்புத் தொப்பிக்காரன் மூன்று மீன் பிடித்தான், சந்தையில் இரண்டு கிழவர் தங்களுக்குள் அடிபட்டார்கள், ரயில் பிந்தி வந்தது. அம்மா குறுக்கே கேள்வியும் கேட்பார். தொப்பிக்காரன்ரை நாய் வந்ததோ? நேற்று விழுந்த மனிசி இண்டைக்கு நடக்குதோ? பதில் தெரியாவிட்டால் எனக்கு அவமானம். அடுத்த நாள் விடிந்ததும் படியில் ஏறிவிடுவேன். அம்மா ஒருநாளும் யன்னலடிக்கு வரவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே கேட்பார். பனியின் வெளிச்சம் அவருக்குக் கண்ணில் குத்துகிறதாக்கும் என்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட ஊரை "கடல், ரயில் பாதை" என்ற இரண்டு சொல்லுக்குள் மூடி வைத்திருக்க வேண்டும். பார்க்டேலில் நான் வாய் தவறி அந்த ஊரைப் பற்றிக் கதை எடுத்தால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அவருக்கும் வழக்குப் பயம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, நீங்கள் இருந்த இடங்களைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார். முன்னால் போன பெடியன் ஒரே ஓர் இடத்தைத் தொட்டான். நான் இலங்கையைத் தொட்டேன். கை கீழே வரவில்லை. அது தானாக மேலே ஏறி ரஷ்யாவில் போய் நின்றது. ரீச்சர் புருவத்தை உயர்த்தியதும் நெருப்பைத் தொட்டவன் போல இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மாமா கையில் வைத்திருந்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்தார். "வாயைப் பூட்டினால் கையாலை கதைக்கிறான் அக்கா இவன்!" அடுத்த நாளிலிருந்து விசாரணை முடியும் வரை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. ரீச்சர் யாருக்காவது அறிவித்திருப்பாரோ என்று மூன்று பேரும் பயந்து செத்தோம். யாராவது கதவைத் தட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரர் உப்புக் கேட்டுத் தட்டியதற்கு மாமா என்னைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டார்.

விசாரணை மாசி மாதத்தில் வந்தது. மாமா யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு விரல் நுனிவரை மூடியிருந்தது. அம்மா சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து. ஸ்ட்ரீட்காரில் போனோம். ஒவ்வொரு தரிப்பிலும் மாமா என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பேன்: கடல், ரயில் பாதை.

நீளமான மேசை. அந்தப் பக்கம் அதிகாரி, கண்ணாடி போட்ட வயதான வெள்ளைக்காரப் பெண். இந்தப் பக்கம் அம்மாவும் நானும் வக்கீலும். ஓரத்தில் மொழிபெயர்க்க எங்கள் பக்கத்து அன்ரி ஒருவர். மாமா பின்கதிரையில். காலை முழுதும் அம்மாவைக் கேட்டார்கள். அம்மா தடுமாறாமல் சொன்னார். முடியப் போகிறது என்று மாமா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த லொட்ஜிலை பகல் முழுக்க நீர் என்ன செய்தனீர் எண்டு கேக்கிறா," என்றார் அன்ரி.

"யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்ன தெரிஞ்சது?"

"கடல். ரயில் பாதை."

அதிகாரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எழுத ஒன்றுமில்லை என்பது போலப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதம் ஒரு ஊரையே மேய்த்தவனைப் பார்த்து, ஒன்றும் தெரியாத பெடியன் என்று நினைத்துவிட்டாளே!

"ஆத்துக்கு மேலை மனிசர் குந்தியிருந்து மீன் பிடிப்பினம்," என்றேன்.

அன்ரியின் கண் பெரிதானது. "என்ன சொன்னனீர்?"

"ஆறு கட்டியாப் போயிடும். துளை போட்டுத் தூண்டில் விடுவினம். ஒராள் சிவப்புத் தொப்பி."

அன்ரி ஒரு கணம் மேசையைப் பார்த்தார். பிறகு ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னார். அது அவருடைய வேலை. பின்னால் மாமா இருமினார். ஒரு மனிதனுக்கு அவ்வளவு இருமல் வரும் என்று அன்றுதான் கண்டேன்.

"கொழும்பிலை ஆறு உறையுமோ எண்டு கேக்கிறா."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வக்கீல் பேனையை மூடிவிட்டார். மேசைக்குக் கீழே என் தொடையைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. கிள்ளப் போகிறார் என்று பல்லைக் கடித்தேன். கை தளர்ந்தது.

"சொல்லு மோனை," என்றார் அம்மா. "பாத்த எல்லாத்தையும் சொல்லு."

அதற்குப் பிறகு யார் என்னை நிறுத்துவது? கடதாசி கேட்டேன். ஆற்றை வளைத்தேன், மடத்தை ஏற்றினேன், மிதவைப் பாலத்தைக் கரையில் ஏற்றி வைத்தேன். தூரத்தில் ஒரு சிவப்புக்கல் அரண்மனை, அதற்கொரு புகைபோக்கி. ரயில் நிலையத்தின் நெற்றியில் இருந்த எழுத்துக்களை, வாசிக்கத் தெரியாமலே, இடம்வலம் மாறிய ஆங்கில எழுத்து உட்பட அப்படியே எழுதிக் காட்டினேன். குதிரைக்காரர், மகாராணி, மணி, ஒன்றும் விடவில்லை. அதிகாரி பென்சிலை மறுபடி எடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் ஒரு பள்ளிக்கூடத்திலும் எனக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

பிறகு அவர் என் படத்தைத் தன் பக்கம் இழுத்து, மடத்தில் விரலை வைத்தார்.

"உதுக்குள்ளை போனனீரோ? உள்ளுக்கு எப்பிடி இருக்கும்?"

"போகேல்லை."

விரல் சந்தைக்கு வந்தது. "இஞ்சை என்ன வாங்கினனீங்கள்?"

"போகேல்லை."

பாலம். ஆறு. நிலையம். பனியில் ஒருநாளாவது விளையாடினனீரோ? இல்லை. இல்லை. இல்லை.

"அந்த மாடிப்படியாலை எத்தினை தரம் இறங்கினனீர்?"

"ஒருக்கா," என்றேன். "அங்கையிருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். என் காது சுட்டது. நான் ஊரை அறியாதவன், யன்னலால் பார்த்துவிட்டுப் புழுகியவன் என்று பிடித்துவிட்டார். அவ்வளவு நேரமும் கொடுத்த மரியாதையை இப்போது திருப்பி எடுக்கப் போகிறார். வழக்கும் போயிற்று, மானமும் போயிற்று. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

என்னையும் மாமாவையும் வெளியே போகச் சொன்னார்கள். அம்மா மட்டும் உள்ளே. மூடிய கதவுக்கு எதிரே மர வாங்கில் இருந்தோம். மாமா கோட்டுக் கையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

"பெரிய பூமிசாத்திர வாத்தியார்! பாத்த ஊரைத்தான் சொன்னாய், போகாத ஊரெண்டு ஏன்ரா சொன்னனீ? போனனான் எண்டு சொன்னா உன்ரை வாயிலை முத்தோ கொட்டிப்போடும்?" சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடு. அழாதை. ஏத்தினா மூண்டு பேரும் போவம்."

ஒரு மணித்தியாலம் கழித்து அம்மா வந்தார். முகம் கழுவியது போல இருந்தது. என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று மாமா கேட்டார். அம்மா சேலையைச் சரி செய்துகொண்டு என்னிடம், "பசிக்குதோ?" என்றார்.

அதற்குப் பிறகு தபால் பெட்டியைப் பார்த்து நடுங்கிய கிழமைகளைப் பற்றி எழுத எனக்குப் பாஷை போதாது. ஒரு நாள் தடித்த உறை வந்தது. மாமா முதல் பக்கத்தில் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓட்டி, என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "சரியாம் அக்கா! ஏத்துக்கொண்டிட்டாங்கள்! இவன்ரை ரஷ்யாதான் வெண்டு தந்திருக்கு!" மற்றப் பக்கங்களை ஒருவரும் புரட்டவில்லை. அம்மா உறையை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வழக்கை வென்றவன் நான் என்ற என் புழுகு அன்று பிறந்தது.

போன மாதம் அம்மாவை அஜின்கோர்ட் வீட்டிலிருந்து ரூஜில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு கிழமை கழித்து அவருடைய சாமான் அடுக்கும்போது அந்த உறை வெளியே வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளிடம், கொப்பர் எப்படி வென்றார் என்று வாசித்துப் பார் என்று நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்தேன். அவள் முதலில் போனில் அந்த ஊரைத் தேடிப் பிடித்தாள். எரித்தது மூன்று தரம் இல்லையாம், இரண்டு தரமாம். நான் அரண்மனை என்றது நூல் ஆலையாம். சிரித்துக்கொண்டே கடிதத்தை விரித்தாள். நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"அப்பா, சீரியஸா? நீங்கள் இதை வாசிக்கவே இல்லையா?"

"நீ சொல்லன்."

அதிகாரி எழுதியிருந்ததை அவள் மெதுவாகத் தமிழாக்கிச் சொன்னாள். அந்த ஒரு யன்னலால் தெரியக்கூடிய எல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் பார்க்க முடியாத எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் அவன் ஒரு தரமும் வெளியே விடப்படவில்லை என்பதை நான் அதனால் நம்புகிறேன். அறை வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்றும், மற்ற அறைகளிலிருந்து ஏஜென்சி ஏற்றிக்கொண்டு போன சிலர் எங்கும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றும் தாய் சொல்கிறார். பூட்டைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியாது என்கிறார். வெளியே போகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, நாள்தோறும் மாலையில் அவனிடம் ஊர்ச் செய்தி கேட்டதாகச் சொல்கிறார். பூட்டிய அறையில் இருந்தவர்கள் எந்த நாட்டிடம் போய்த் தஞ்சம் கேட்டிருக்க முடியும்?

"அப்பா," என்றாள் மகள், "அப்பம்மா இதை ஒருக்காவும் சொல்லேல்லையா?"

நான் தேத்தண்ணி போடப் போவது போலக் குசினிக்குள் போனேன்.

அம்மாவின் அறையை நானே கட்டினேன். காட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்து எட்டடி அகல யன்னல், மூன்று கண்ணாடி, நடுவில் சட்டமே இல்லை. இப்படியொன்று இந்த வட்டாரத்தில் வேறு வீட்டில் கிடையாது. அம்மா வந்த முதல் நாளே கதிரையைத் திருப்பிப் போட்டு, யன்னலுக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து இருந்தார். நான் திருப்பி வைப்பேன், அவர் மறுபடி திருப்புவார். "உதிலை பாக்க என்ன கிடக்கு? மரம் எங்கையும் ஓடிப் போகாது" என்பார். அந்தக் கிழமை முழுக்க இந்தச் சண்டைதான்.

கடிதம் வாசித்த அன்றைக்குக் கதிரையைத் தொடவில்லை. திருப்புளியை எடுத்து வந்து, அம்மாவின் கதவில் இருந்த பூட்டைக் கழற்றினேன்.

"என்னடா செய்யிறாய்?"

"பூட்டுப் பழுதம்மா."

"நேற்றும் நல்லாத்தானே கிடந்தது."

"பழுதம்மா."

அந்த ஊரைப் பற்றி எதை வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள். நிறம் கழன்ற கோபுரம் இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது என்று சொல்லுவேன். சிவப்புத் தொப்பிக்காரனின் நாய்க்கு எந்தக் கால் நொண்டி என்று சொல்லுவேன். கதவையும் யன்னலையும் விற்றே ஆளானவன் நான்; ஆனாலும் அந்த அறையின் கதவு என்ன நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள். எட்டு மாதமும் அது எனக்குப் பின்னால்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.